அவர் நல்லவர், கூட இருப்பவர்கள்தான் சரியில்லை

ஜனவரி 9

குடவாசல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஜனங்களுக்கு ஒரு தலைவரைப் பிடித்துவிட்டால், அவர் ஆட்சியில் நடக்கும் தப்புக்கு அவரைத் தவிர மற்ற எல்லோரையும் திட்டுகிறார்கள். ஏன்? டெல்டாவில் மட்டும்தான் இப்படியா?"

டெல்டாவில் மட்டும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது காவிரி டெல்டா, அதிலும் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. எனக்கு உரக்கடை. வாசல் பெஞ்சில் எல்லாக் கட்சிக்காரர்களும் உட்காருவார்கள். தண்ணீர் வந்து சேரவில்லை, பயிர்க் காப்பீடு வரவில்லை, அரசு நெல் கொள்முதலில் மூட்டைக்கு இவ்வளவு என்று காசு கேட்கிறார்கள் என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் பொரிந்து தள்ளுவார்கள். முடிக்கும்போது, "அவரு நல்லவருதாங்க, கூட இருக்கிறவனுங்கதான் சரியில்ல" என்பார்கள். அந்த 'அவரு' கட்சிக்குக் கட்சி மாறும். வசனம் மாறாது.

பாசம் கண்ணை மறைக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் ஊர் ஜனங்களுக்கு எது தப்பு, எவ்வளவு பெரிய தப்பு என்று நன்றாகத் தெரியும். அதை யார் தலையில் இறக்குவது என்று வரும்போதுதான் பாசம் குறுக்கே வந்து நிற்கிறது.

ஜனவரி 9, இரவு

"எல்லாம் சினிமா செய்த வேலை" என்று எழுதியிருப்பவருக்கு: எங்கள் டெல்டாவின் காங்கிரஸ் தலைவர் மூப்பனார் சினிமாவில் நடிக்கவில்லை. மேடையில் பேசுவதே குறைவு. அ.தி.மு.க.வோடு காங்கிரஸ் கூட்டு வைத்ததை எதிர்த்துத்தான் 1996ல் தமிழ் மாநில காங்கிரஸை ஆரம்பித்தார். சட்டமன்றத்தில் 39 இடம், நாடாளுமன்றத்தில் 20 இடம் கிடைத்தது. 2001ல் அதே அ.தி.மு.க.வோடு அவரே கூட்டு வைத்தார். ப. சிதம்பரம் விலகிப் போனார். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் கும்பகோணம் கடைத்தெருவில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். நான் அப்போது அங்கே ஒரு மொத்தக் கடையில் வேலை பார்த்தேன். என் காதில் விழுந்ததெல்லாம், "ஐயா காரணம் இல்லாம செய்ய மாட்டாரு" என்பதுதான். அந்தக் காரணம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜனவரி 12

குடவாசல்காரர், "நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்" என்கிறார். சொல்கிறேன்.

ஒரு சம்பா அறுவடையில் எங்கள் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டிவிட்டுக் காத்திருந்தோம். உள்ளே கொள்முதல் செய்து பிடித்த மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. லாரி வரவில்லை. கேட்டால் "மூவ்மெண்ட் இல்லை" என்றார்கள். ஏற்கெனவே பிடித்தது நகராமல் புதிதாகப் பிடிக்க இடம் இல்லை. பட்டியல் எழுத்தர் ஒரு கை நெல்லை எடுத்து ஈரப்பத மீட்டரில் போட்டு அமுக்கிப் பார்த்தார். 17 சதவீதத்துக்கு மேல் காட்டியது. "காயவெச்சு எடுத்தாங்க" என்றார். வானம் மூடிக் கிடக்கும்போது எங்கே காயவைப்பது? எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் அந்தப் பையனை வாய்க்கு வந்தபடி ஏசினார். அவன் பருவகாலப் பணியாள். சீசன் முடிந்தால் அவனுக்கு வேலை இல்லை.

அப்புறம் தூறல் விழுந்தது. தார்ப்பாய் போதவில்லை. வேலியில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனரை இரண்டு பேர் அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அதில் தலைவர் படம், ஆளை விடப் பெரிதாக. நெல்லின் மேல் குப்புற விரிக்கப் போனார்கள். இதே பெரியவர் ஓடிப்போய்த் தடுத்தார். "மூஞ்ச கீழ போட்டு விரிக்காதீங்கடா, அவரு என்ன பண்ணாரு?" என்று திருப்பிப் போட வைத்தார். மழை முழுக்க அந்த முகத்தின் மேல் பெய்தது. தண்ணீர் தேங்கிய இடத்தை அவரே கையால் வழித்துவிட்டார்.

லாரிக்கு ஒப்பந்தம் விடுவது, கிடங்கு கட்டுவது, எந்தத் தேதியில் நிலையம் திறப்பது, இதில் எதுவும் அந்தப் பட்டியல் எழுத்தர் கையில் இல்லை. எல்லாம் மேலே முடிவாகிற விஷயம். அந்தப் பெரியவருக்கு அது தெரியாதா? எந்த மதகு எந்தத் தேதியில் திறந்தார்கள் என்பதைப் போன தலைமுறைக் கணக்கு வரை ஒப்பிக்கிறவர் அவர்.

ஜனவரி 13

கொள்முதலில் காசு வாங்கும் விஷயத்தை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்கிறார்கள். விடவில்லை. சிப்பத்துக்கு, அதாவது மூட்டைக்கு, இவ்வளவு என்று வாங்குவது டெல்டாவில் எந்த ஆட்சி வந்தாலும் நிற்காத விஷயம். அதனால்தான் சொல்கிறேன். ஆட்சி மாறியும் ஒரு வழக்கம் மாறவில்லை என்றால் அதற்குக் களத்தில் நிற்கிற ஆள் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பொங்கல் கழித்து எழுதுகிறேன்.

ஜனவரி 18

"எம்.ஜி.ஆர் ஒருபோதும் தோற்றதில்லை, பாசத்தை மிஞ்ச எதுவும் இல்லை" என்று பட்டுக்கோட்டைக்காரர் எழுதியிருக்கிறார். அண்ணே, 1980 ஜனவரியை மறந்துவிட்டீர்கள். அவர் முதலமைச்சராக இருக்கும்போதே நாடாளுமன்றத் தேர்தலில் தி.மு.க., காங்கிரஸ் கூட்டணி 39ல் 37 எடுத்தது. அ.தி.மு.க.வுக்கு இரண்டே இடம். பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு வருஷ வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்தது அவருக்குப் பெரிய அடி. படம் பார்த்துக் கண்ணீர் விட்ட அதே ஜனங்கள்தான் வோட்டைத் திருப்பிப் போட்டார்கள். அவர் வரம்பை எடுத்தார், 31 சதவீதத்தை 50 ஆக்கினார். பிப்ரவரியில் ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதம் சட்டமன்றத் தேர்தலில் 129 இடத்தோடு திரும்பி வந்துவிட்டார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த நான்கு மாதம். பாசம் அடியைத் தடுக்கவில்லை, எழுந்து நிற்க எடுக்கும் காலத்தைக் குறைத்தது. ஜெயலலிதா 1996ல் பர்கூரில் அவரே தோற்று, கட்சி 4 இடத்துக்கு வந்தது. அவர் திரும்பி வர ஐந்து வருஷம் ஆனது. காமராஜர் 1967ல் விருதுநகரில் 1,285 வோட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அவரைப் பிடிக்காமல் யாரும் வோட்டு மாற்றிப் போடவில்லை. அரிசி கிடைக்கவில்லை, இந்தி எதிர்ப்பும் சேர்ந்துகொண்டது, அதுதான் விஷயம்.

ஜனவரி 18, மாலை

காவிரி இல்லாமல் இந்தப் பேச்சு எங்கள் பெஞ்சில் முடியாது.

மைசூரோடு போட்ட 1924 காவிரி ஒப்பந்தத்தின் 50 வருஷக் கணக்கு 1974ல் முடிந்தது. அதற்கு முன்பே 1971ல் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்தில் போட்ட வழக்கை 1972ல் வாபஸ் வாங்கியது. அப்போது முதலமைச்சர் கலைஞர். திருக்குவளையில் பிறந்தவர், எங்கள் மண்ணின் பிள்ளை. இதை அ.தி.மு.க.காரர் ஒவ்வொரு குறுவைக்கும் சொல்லிக் காட்டுவார். சரி, அப்புறம் என்ன ஆனது? 1977ல் எம்.ஜி.ஆர் வந்தார். பேச்சுவார்த்தை, பேச்சுவார்த்தை என்று வருஷங்கள் ஓடின. 1983ல் டெல்டா விவசாயிகள் சங்கமே உச்சநீதிமன்றத்துக்குப் போனது. நடுவர் மன்றம் வேண்டும் என்று மாநில அரசு மத்திய அரசிடம் முறைப்படி கேட்டது 1986ல். மன்றம் அமைந்தது 1990 ஜூன் 2. இதைத் தி.மு.க.காரர் சொல்லிக் காட்டுவார்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இவர் வாயில் 1972 வராது, அவர் வாயில் 1977க்கும் 1986க்கும் நடுவில் இருக்கிற வருஷங்கள் வராது. ஆக டெல்டாவில் விமர்சனம் இல்லை என்று சொல்ல முடியாது, நிறையவே இருக்கிறது. ஆனால் அது எப்போதும் எதிர்க்கட்சிக்காரன் வாயிலிருந்து வருகிறது. எதிர்க்கட்சிக்காரன் சொன்னால் அது பொறாமை என்று ஒதுக்கிவிடுகிறோம். சொந்தக் கட்சிக்காரன் கேட்டால்தான் தலைவர் காதில் ஏறும். அவன் கேட்பதில்லை.

2007ல் இறுதித் தீர்ப்பு 419 டி.எம்.சி. என்றது. 2018ல் உச்சநீதிமன்றம் அதை 404.25 ஆக்கியது. பதினாலே முக்கால் டி.எம்.சி. குறைந்தது. அன்றைக்கும் பெஞ்சில் நடந்தது எந்தத் தலைவர் காரணம் என்கிற சண்டைதான். கிடைக்கிற தண்ணீர் கடைமடை வரை வருகிற மாதிரி வாய்க்கால் இருக்கிறதா என்று ஒருவர்கூட கேட்கவில்லை. எங்கள் வாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடந்தது.

ஜனவரி 20

கும்பகோணத்திலிருந்து ஒரு அக்கா: "இறந்துபோன தலைவர்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம், இல்லையா?"

ஆமாம் அக்கா. இதை எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு வைத்து எரித்தார்கள். கூலி கூடக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் தொழிலாளர்களின் செங்கொடிச் சங்கத்துக்கும் நடுவில் அதற்கு வெகு நாள் முன்பிருந்தே புகைந்துகொண்டிருந்தது தாலுகா முழுக்கத் தெரியும். முதலமைச்சர் அண்ணா. அமெரிக்காவில் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துத் திரும்பியவர். ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை, 1969 பிப்ரவரி 3ல் இறந்துபோனார். தமிழ்நாடே அழுதது. எங்கள் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை என்று அம்மா சொல்வார்.

வெண்மணிப் பேச்சு வரும்போதெல்லாம் கவனித்திருக்கிறேன். மிராசுதாரைத் திட்டுவார்கள், போலீசைத் திட்டுவார்கள், உயர்நீதிமன்றத்தில் எல்லோரும் விடுதலையானதைச் சொல்லிக் கொதிப்பார்கள். அத்தனையும் நியாயம். ஆனால் அந்தப் போலீஸ் யாருடைய அரசின் போலீஸ்? செங்கொடிச் சங்கத்தில் வயதானவர் ஒருவரிடம் இதை நேராகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணா நோவுல கெடந்தாரு தம்பி" என்றார்.

அது உண்மை. ஆனால் அரசு நோயில் கிடக்கவில்லை. அப்புறம் கணபதியா பிள்ளை கமிஷன் போட்டார்கள், 1969ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எரிப்பதற்கு முந்தைய மாதங்களில் அரசு என்ன செய்தது என்கிற கேள்வியை அண்ணாவின் மேல் உள்ள பாசமும் அவர் மரணத்தின் துக்கமும் சேர்ந்து மூடிவிட்டன. நானும் அண்ணாவை மதிக்கிறவன். மதிப்பதால் கேள்வி குறைந்துபோகாது.

ஜனவரி 21

"செத்தவர்களைப் பற்றி இப்படிப் பேசலாமா" என்று ஒரு வரி வந்திருக்கிறது. அந்த 44 பேரும் செத்தவர்கள்தான்.

ஜனவரி 23

அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். இதைப் படித்துவிட்டு ரீகன் கதையை அனுப்பினான். 1983ல் பாட்ரிசியா ஷ்ரோடர் என்கிற எதிர்க்கட்சி உறுப்பினர், ரீகனை 'டெஃப்லான் அதிபர்' என்றார். முட்டை ஒட்டாத தவா மாதிரி, எந்தப் பழியும் அவர் மேல் ஒட்டுவதில்லை என்று. சிரித்த முகம், சுடப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் டாக்டர்களிடம் ஜோக் அடித்த ஆள்.

ஆனால் அவன் அனுப்பிய கணக்கைப் பார்த்தால் ஒட்டத்தான் செய்திருக்கிறது. 1983 ஜனவரியில் வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தபோது அவருக்கு ஆதரவு 35 சதவீதம். அடுத்த வருஷம் நிலைமை தேறியதும் 50 மாநிலத்தில் 49 ஜெயித்தார். 1986 கடைசியில் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விஷயம் வெளிவந்ததும் ஒரே மாதத்தில் ஒரு கணிப்பில் 67லிருந்து 46க்கு இறங்கினார். பதவியை விட்டுப் போகும்போது மறுபடியும் 60க்கு மேல். நம்ம 1980 கதையும் இதேதான்: விழுவார்கள், சீக்கிரம் எழுவார்கள்.

தார்ன்டைக் என்கிற உளவியல்காரர் 1920லேயே ஒன்றைக் கவனித்தார். ராணுவ அதிகாரிகளிடம் அவர்களுக்குக் கீழே இருப்பவர்களின் உடல்வாகு, அறிவு, தலைமைக் குணம், நடத்தை இவற்றுக்குத் தனித்தனியாக மார்க் போடச் சொன்னார்கள். ஒன்றில் நல்ல மார்க் வாங்கியவனுக்கு எல்லாவற்றிலும் நல்ல மார்க் விழுந்தது. பிரித்துப் பார்க்க அவர்களால் முடியவில்லை. நம்மாலும் முடிவதில்லை. "எளிமையானவர்" என்றால் "கணக்கும் சரியாக இருக்கும்" என்று நாமே சேர்த்துக்கொள்கிறோம்.

ஜனவரி 24

ரீகன் வரைக்கும் போகத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு மக்கள் பிரதிநிதி இருக்கிறார். பெயர் வேண்டாம், கட்சியும் வேண்டாம்.

நல்லது கெட்டது எதையும் விடமாட்டார். காதுகுத்துக்கு வருவார், மொய் எழுதுவார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார். என் அம்மா இறந்தபோது ராத்திரியில் வந்தார். கூட ஆள் படை கிடையாது. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தம்பி தோளில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "அம்மா கையால கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருக்கேன்" என்றார். சாப்பிட்டிருக்கிறார், உண்மைதான். மைக் இல்லை, போட்டோ இல்லை. அதில் ஒரு துளி நடிப்பு கிடையாது. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், இன்றைக்கும்.

எங்கள் ஊர் வாய்க்காலில் நடைபாலம் இல்லை. தென்னை மரத்தை வெட்டிப் போட்டு அதன் மேல் போகிறார்கள். மழைக்காலத்தில் அக்கரைத் தெருப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போக வேண்டும். பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கி அந்த மரத்தின் மேல் கடத்தினார்கள். பாலம் கேட்டுக் கொடுத்த மனுக்கள் எல்லாவற்றையும் அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதோடு சரி.

அக்கரைத் தெருவில் அவரை ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். "எங்க வீட்டு சாவுக்கு வந்த மனுசனய்யா" என்பார்கள். பெரிய அதிகாரிகள் எட்டிப்பார்க்காத தெரு அது. அங்கே ஒருவர் வந்து தரையில் உட்கார்ந்தால் அது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. மரியாதையே கிடைக்காத இடத்தில் மரியாதை கொடுத்தவரை அவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அந்த நன்றியை ஏமாளித்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த நன்றிக்கு விலையாகப் பாலம் போய்விடுகிறது.

ஜனவரி 25

அப்படியானால் பிடிக்காத தலைவர் ஆளுவதே நல்லதா என்று பட்டுக்கோட்டை அண்ணன் கேட்கிறார். கஜா புயலை நினைத்துப் பாருங்கள் அண்ணே. 2018 நவம்பர் 16. உங்கள் பக்கம் தென்னை அத்தனையும் சாய்ந்தது. அமைச்சர்களின் காரை மறித்து ஜனங்கள் நேருக்கு நேர் கேட்டார்கள். அப்போதைய முதல்வர் மேல் இங்கே பெரிய பாசம் கிடையாது, அதனால் கேள்வி வளைந்து போகாமல் நேராகப் போனது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்டது 2011 ஜனவரியில், கலைஞர் ஆட்சியில். இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து, அந்தப் போராட்டத்தின் நடுவிலேயே 2013 டிசம்பரில் அத்திவெட்டியில் உயிரை விட்டார். ஒப்பந்தம் எல்லோருக்கும் தெரிந்த பிறகும் 2016ல் திருவாரூரில் கலைஞர் 68,366 வோட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டம் கொண்டுவந்தது எடப்பாடி பழனிசாமி. அடுத்த வருஷம் தஞ்சை, திருவாரூர், நாகை பக்கம் அவர் கட்சிக்குக் கிடைத்தது ஒரத்தநாடு, நன்னிலம், வேதாரண்யம். மூன்று வேளாண் சட்டங்களை ஆதரித்தது, பா.ஜ.க. கூட்டணி என்று அதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவர் ஜெயித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடித்தவர் செய்த தப்பு கழிந்துபோகிறது, பிடிக்காதவர் செய்த நல்லது வரவு வைக்கப்படுவதில்லை. கணக்கு இரண்டு பக்கமும் தப்பாகிறது.

ஜனவரி 27

நேற்று குடியரசு தினக் கிராம சபை. பாலத்தைப் பற்றி எழுந்து கேட்டேன். மதிப்பீடு எந்தத் தேதியில் போனது, எவ்வளவு தொகை, யாரிடம் நிற்கிறது, இவ்வளவுதான். யார் பெயரையும் சொல்லவில்லை. உடனே நாலு பேர் எழுந்துவிட்டார்கள். "அவர குறை சொல்றியா?" நூறு நாள் வேலைக்கு வந்திருந்த அக்கரைத் தெரு அம்மா ஒருவர்தான் அவர்களை அடக்கினார். "அவர யாருடா சொன்னா? பாலத்தக் கேக்குறாரு. ஒன் மவளையா கட்டில்ல தூக்கிட்டுப் போனாங்க?" என்றார்.

தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்தோம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, தேதி கேட்ட வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 30

குடவாசல்காரர், "இதனால் அவர் மனம் வருத்தப்படாதா" என்று கேட்கிறார். படலாம். போன் செய்தார். "அண்ணே, மனு போட்டீங்களாமே" என்று சிரித்தார், கோபம் தெரியவில்லை. மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார், மன்னார்குடியில் நல்ல டாக்டர் ஒருவர் பெயரைச் சொன்னார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்புறம் மதிப்பீட்டுத் தேதியைக் கேட்டேன். பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார்.

பிப்ரவரி 4

திங்கட்கிழமை போய்விட்டது. நானே கூப்பிட்டேன், உதவியாளர் எடுத்தார். பைல் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் இருப்பதாகச் சொன்னார், தேதி தெரியவில்லை என்றார். நாளைக்கு அக்கரைத் தெருவிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போகிறோம்.